ஃபொன்தான்கா இல்லத்தில் ஓர் இரவு

  

பயணங்கள் பெரும்பாலும் காண்பதற்காக மேற்கொள்ளப்படுகின்றன. காணச் சென்ற இடத்தில் கேட்பதே பயனாய் அமைந்துவிட்ட பயணங்கள் அரியன. அத்தகைய பயணம் ஒன்று 1945ஆம் ஆண்டு நவம்பரில் நிகழ்ந்தது. மாஸ்கோவிலிருந்து லெனின்கிராட் நகருக்கு ஏறத்தாழ 650 கிலோமீட்டர் தொலைவு. ஓர் இரவு இரயில் பயணம். சென்றவர் பிரிட்டிஷ் தூதரகத்தில் தற்காலிகப் பணியில் இருந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியர். பெயர் ஐசையா பெர்லின்; வயது 36. சில நாள் தங்கிப் பழைய புத்தகங்கள் வாங்கலாம், பிள்ளைப் பருவத்து நகரை மீண்டும் பார்க்கலாம் என்பதற்கு மேல் அவருக்கு வேறு திட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அந்தப் பயணத்தின் ஓர் இரவு, ருஷ்யக் கவிதையின் வரலாற்றில் நிலையாக இடம்பெற்றுவிட்டது. அதற்குக் கொடுக்கப்பட்ட விலையும் அந்த வரலாற்றின் பகுதியே ஆகும்.

அவரை முழுமையாக அயலார் என்று சொல்லிவிடவும் முடியாது. 1909இல் ரிகா நகரில் பிறந்தவர். 1916இல் குடும்பம் அன்றைய பெத்ரோகிராடில் குடியேறியது. 1917 பிப்ரவரிப் புரட்சியின்போது ஒரு காவலரைக் கூட்டம் இழுத்துச் சென்ற காட்சியை ஏழு வயதுச் சிறுவனாகத் தெருவில் கண்டார். வன்முறையின்மீது தமக்கு ஆயுள் முழுதும் இருந்த வெறுப்புக்கு அந்தக் காட்சியே வித்து என்று பிற்காலத்தில் கூறியிருக்கிறார். 1921இல் அவர் குடும்பம் இங்கிலாந்து சென்றது. ருஷ்ய மொழி மட்டும் அவரை விட்டு நீங்கவில்லை. ஆகவே 1945இல் இரயிலை விட்டு இறங்கியவர் கடவுச்சீட்டால் அயலார், காதால் உள்ளூரார்.

அந்த நகரும் அப்போது தன் நிலையில் இல்லை. 1703இல் பேரரசர் பீட்டர் நிறுவியது. இரு நூற்றாண்டுகள் தலைநகராய் விளங்கியது. 1914இல் பெத்ரோகிராட் என்றும், 1924இல் லெனின்கிராட் என்றும் பெயர் மாறியது. 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரை ஏறத்தாழ 900 நாட்கள் ஜெர்மானியப் படைகளின் முற்றுகையில் சிக்கிப் பசியாலும் குளிராலும் பல இலட்சம் மக்களை இழந்தது. மாஸ்கோவைவிட லெனின்கிராடில் பழைய புத்தகங்கள் மலிவு என்று பெர்லின் கேள்விப்பட்டிருந்தார். அந்த மலிவுக்குக் காரணம் உண்டு. முற்றுகைக் காலத்தில் படித்த குடும்பத்தார் புத்தகங்களைக் கொடுத்து உணவு பெற்றார்கள். பலர் மாண்டு, அவர்களின் நூல்கள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. புரட்டிப் பார்த்த ஒவ்வொரு பழைய நூலுக்குப் பின்னும் ஒரு வெறுமையான வீடு இருந்திருக்கக்கூடும்.

நெவ்ஸ்கி பெருவீதியில் எழுத்தாளர் புத்தகக் கடை ஒன்று இருந்தது. அங்கே நூல்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒருவரோடு பேச்சு நேர்ந்தது. அவர் விளாதிமிர் ஓர்லோவ் என்னும் திறனாய்வாளர். லெனின்கிராட் எழுத்தாளர்கள் எவ்வாறு இருக்கிறார்கள் என்று பேச்சு சென்றபோது, அன்னா அக்மதோவா உயிரோடு இருக்கிறாரா என்று பெர்லின் வினவினார். அக்மதோவா அவருக்கு ஏதோ ஒரு தொலைதூரக் காலத்தின் பெயராகவே இருந்தது; கவிதைகளையும் அதிகம் படித்திருக்கவில்லை. ஓர்லோவின் விடை வியப்பளித்தது: அவர் அருகிலேயே, ஃபொன்தான்கா கரையில்தான் வசிக்கிறார், பார்க்க விருப்பமா? தொலைபேசியில் கேட்டார்கள். அன்று மாலை 3 மணிக்கு வரலாம் என்று மறுமொழி கிடைத்தது.

அனிச்கோவ் பாலத்தைக் கடந்து, மெல்லிய பனி பொழிய, இருவரும் ஆற்றங்கரையோடு நடந்தார்கள். ஷெரெமெத்தியெவ் பிரபுக்களின் பழைய மாளிகை அது. இருண்ட, செங்குத்தான படிகளில் ஏறினார்கள். அறையில் பொருட்கள் மிகச் சில: ஒரு சிறு மேசை, மூன்று நான்கு நாற்காலிகள், ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு இருக்கை. எரியாத அடுப்பின்மேல் மொதிலியானி வரைந்த கோட்டுச் சித்திரம். இளமையில் பாரிஸ் நகரில் அந்த ஓவியர் வரைந்த அவருடைய உருவமே அது. தோளில் வெள்ளைச் சால்வையோடு, நரைத்த கூந்தலோடு, 56 வயதுப் பெண்மணி ஒருவர் மெதுவாக எழுந்து நின்றார். பெர்லின் ஓர் அரசியை வணங்குவதுபோல் வணங்கினார்.

அதற்குள் ஒரு வேடிக்கை குறுக்கிட்டது. முற்றத்திலிருந்து யாரோ பெர்லினின் பெயரைச் சொல்லி உரக்கக் கூவினார். பார்த்தால், வின்ஸ்டன் சர்ச்சிலின் மகன் ராண்டால்ஃப்! செய்தியாளராக வந்திருந்த அவர், தாம் வாங்கிய கேவியார் என்னும் மீன்சினையைப் பனிக்கட்டியில் வைக்குமாறு விடுதிப் பணியாளரிடம் ருஷ்ய மொழியில் எடுத்துச் சொல்ல ஆள் தேடி அலைந்துகொண்டிருந்தார். பெர்லின் பதறி இறங்கிப்போய் அவரை அகற்ற வேண்டியதாயிற்று. கேட்போர்க்கு இது சிரிப்பு. அந்த நகரிலோ, அக்மதோவாவை நாட்டை விட்டு அழைத்துச் செல்லச் சர்ச்சில் விமானம் அனுப்பப் போகிறார் என்ற வதந்தி இந்தக் கூவலிலிருந்து முளைத்தது. அவருக்கு அது சிரிப்பாக அமையவில்லை.

பெர்லின் தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டார். இரவு 9 மணிக்கு வருமாறு அழைப்பு வந்தது. சென்றவர் மறுநாள் முற்பகல்தான் விடுதிக்குத் திரும்பினார்.

அந்த இரவில் என்ன நிகழ்ந்தது? முதலில் பிரிந்து சென்ற நண்பர்களைப் பற்றிய விசாரிப்பு. 1917இல் இங்கிலாந்து சென்றுவிட்ட ஓவியர் போரிஸ் ஆன்ரெப், இசைஞர் ஆர்தர் லூரியே முதலியோர் எவ்வாறு இருக்கிறார்கள் என்று அக்மதோவா கேட்டார். முதல் உலகப் போருக்குப் பின் அவர் சந்தித்த அயல்நாட்டவருள் பெர்லின் இரண்டாமவர்தான். பின்னர் தம் வாழ்க்கையைச் சொன்னார். முதற் கணவரான கவிஞர் நிகலாய் குமில்யோவ் 1921இல் சுட்டுக்கொல்லப்பட்டார். உற்ற நண்பரான கவிஞர் ஒசிப் மண்டல்ஸ்டாம் 1938இல் முகாமில் மடிந்தார். சொல்லும்போது கண்ணீர் பெருகியது.

நடுவில் மகன் லெவ் உள்ளே வந்தார். 1938இல் கைதாகி, முகாமில் இருந்து, பிறகு போர்முனை சென்று, பெர்லின் நகர் வரை போரிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். வீட்டில் இருந்தது ஒரு தட்டு வெந்த உருளைக்கிழங்கு. அதை அவர் விருந்தினரோடு பகிர்ந்தார். வேறு எதுவும் தர இயலவில்லையே என்று அக்மதோவா வருந்தினார். தமிழில் விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். புதிதாய் வந்தவரே விருந்தினர். அந்த அறைக்குப் பல்லாண்டுகளுக்குப் பின் வந்த புதுமை அவர். அதனால்தான் போலும், தம் நெடுங்கவிதையான 'நாயகனில்லாக் கவிதை'யில் அவரை வருங்காலத்திலிருந்து வரும் விருந்தினராக அக்மதோவா உருமாற்றினார்.

இலக்கியத்தில் இருவரும் உடன்படவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. செகாவின் உலகம் சேறும் மங்கலும் நிறைந்தது, அங்கே வாள் எதுவும் மின்னுவதில்லை என்பது அக்மதோவாவின் குறை. தல்ஸ்தோயின் அன்னா கரேனினா ஏன் சாக வேண்டும் என்று அவர் வாதிட்டார். அந்தத் தண்டனையை விதித்தது அறம் அன்று, மாஸ்கோ மேட்டுக்குடி அத்தைமார்களின் ஒழுக்கம்தான் என்றார். அவருடைய நெஞ்சுக்கு நெருங்கியவர் தஸ்தயேவ்ஸ்கி. பெர்லினுக்கோ துர்கேனிவ். பசியும் அச்சமும் சூழ்ந்த நகரில், பொழுது விடியும் வரை, இருவர் நாவல் மாந்தரின் நீதி குறித்து வழக்காடினார்கள்.

பின்னர் கவிதைகளைச் சொன்னார். அப்போதுதான் 'இரங்கற்பா' என்று பொருள்படும் 'ரெக்வியெம்' என்ற படைப்பு வந்தது. 1930களின் இறுதியில், மகனுக்காக லெனின்கிராடுச் சிறை வாயில்களில் 17 மாதங்கள் வரிசையில் நின்ற பெண்ணின் படைப்பு அது. சொல்லிக்கொண்டே வந்தவர் இடையில் நிறுத்தினார். கைதுகளையும், இரவு பகலாய் நின்ற பெண்களின் வரிசைகளையும், யார் உயிரோடு இருக்கிறார் என்ற செய்திக்காகக் காத்திருந்த நாட்களையும் உணர்ச்சியற்ற குரலில் எடுத்துரைத்தார். மனிதர்கள் வாழும் சமூகத்திலிருந்து வந்தவருக்கு இதை எவ்வாறு விளங்கவைப்பது என்பது அவர் தயக்கம்.

அந்தக் கவிதை அதுவரை எங்கே இருந்தது? தாளில் வைத்திருப்பது உயிருக்கு ஆபத்து. ஆகவே ஒரு துண்டுத் தாளில் எழுதி நண்பரிடம் நீட்டுவார். சுவருக்கும் காது உண்டு என்பதால் வாய்விட்டுச் சொல்லமாட்டார். லிதியா சுகோவ்ஸ்கயா போன்றவர்கள் அதைப் படித்து நெஞ்சில் பதித்துக்கொள்வார்கள். தாள் அங்கேயே சாம்பற் கிண்ணத்தில் எரிந்துவிடும். இவ்வாறு மனத்தில் ஏந்தியவர்கள் ஏறத்தாழ பத்துப் பேர். ஒரு பேரரசின் காவல்துறைக்கு எதிராக ஒரு கவிதையைக் காத்த படை அவ்வளவே.

எழுதிக்கொள்ளட்டுமா என்று பெர்லின் கேட்டார். வேண்டாம், வரும் பிப்ரவரியில் தொகுதி வெளிவருகிறது, அச்சுப்படிவமும் ஆயத்தம், ஆக்ஸ்ஃபோர்டுக்கே ஒரு படி அனுப்புகிறேன் என்று அக்மதோவா மறுத்தார். அந்தத் தொகுதி வரவே இல்லை.

1946 ஜனவரி 5ஆம் நாள் விடைபெறுவதற்காக மீண்டும் சென்றபோது, புதிய கவிதை ஒன்றை எழுதிய தம் நூலைப் பெர்லினுக்குத் தந்தார். அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்த ஐந்து சிறு கவிதைகள் 'சிங்க்வே' என்ற வரிசையாயின. அவர் சென்ற மறுநாளே படிக்கட்டில் சீருடைக் காவலர் நின்றதாகவும், அறைக் கூரையில் ஒலிவாங்கி பொருத்தப்பட்டதாகவும் பெர்லின் பின்னாளில் அறிந்து எழுதியுள்ளார். அயல்நாட்டு ஒற்றர்கள் துறவியைப் பார்க்க வருகிறார்களாக்கும் என்று ஸ்தாலின் ஏளனம் செய்ததாகவும் அக்மதோவா கேள்விப்பட்டார்.

1946 ஆகஸ்ட் 14ஆம் நாள் கட்சியின் மத்தியக் குழு 'ஸ்வெஸ்தா', 'லெனின்கிராட்' என்னும் இரு இதழ்களைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. அக்மதோவாவையும் நகைச்சுவை எழுத்தாளர் ஸோஷ்சென்கோவையும் ஷ்தானவ் இழிசொற்களால் தாக்கினார். செப்டம்பரில் இருவரும் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். அச்சான கவிதை நூல்கள் அழிக்கப்பட்டன. 1949இல் மகன் லெவ் மீண்டும் கைதானார், பத்தாண்டுத் தண்டனை. அதே ஆண்டு கைதான பூனின், அக்மதோவாவோடு பல்லாண்டுகள் வாழ்ந்த கலை அறிஞர், 1953இல் முகாமில் இறந்தார். மகனைக் காக்கும் பொருட்டு 1950இல் ஸ்தாலினைப் புகழ்ந்தும் கவிதை எழுதினார் அக்மதோவா. அதனாலும் மகனுக்கு விடுதலை கிடைக்கவில்லை. 1956இல்தான் லெவ் வெளியே வந்தார். பெர்லினின் உறவினரும் தப்பவில்லை. மாஸ்கோவில் மருத்துவப் பேராசிரியராக இருந்த சிற்றப்பா 1952இல் உளவுக் குற்றச்சாட்டில் கைதானார். விடுதலையான பின் நெடுநாள் வாழவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே இரவுதான் காரணமா? போர் முடிந்ததும் கலைகளின்மீது பிடியை இறுக்கும் முடிவு எப்படியும் வந்திருக்கும் என்று கருத இடம் உண்டு. 1946 ஏப்ரலில் மாஸ்கோ அரங்கில் அக்மதோவா கவிதை சொல்ல வந்தபோது மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதுவும் ஆட்சியாளரின் கண்ணை உறுத்தியிருக்கும். ஆனால் அக்மதோவாவின் நம்பிக்கை வேறு. தங்கள் இருவரின் சந்திப்பே பனிப்போரைத் தொடங்கிவைத்தது என்று அவர் உறுதியாக நம்பினார். 1965இல் ஆக்ஸ்ஃபோர்டில் சிறப்பு முனைவர் பட்டம் பெற வந்தபோதும் அதையே சொன்னார். மறுத்துப் பேசப் பெர்லினுக்கு மனம் வரவில்லை. 1956இல் அவர் மாஸ்கோ வந்தபோது, மகனுக்குத் தீங்கு நேருமோ என்று அஞ்சி, தொலைபேசியில் மட்டுமே அக்மதோவா பேசினார். அத்தனைக்குப் பிறகும், கதவைத் தட்டியவரை ஏன் உள்ளே விட்டோம் என்று அவர் எழுதவில்லை. தம் துயரத்தைக் கேட்க ஒருவர் வந்தார் என்பதையே கவிதையாக்கினார்.

1966 மார்ச் 5ஆம் நாள் அக்மதோவா காலமானார். 1953இல் ஸ்தாலின் இறந்ததும் மார்ச் 5ஆம் நாளே. 'ரெக்வியெம்' 1963இல் மியூனிக்கில் அச்சாயிற்று. சொந்த நாட்டில் 1987இல்தான் வெளிவந்தது. 1946ஆம் ஆண்டுத் தீர்மானம் 1988இல் நீக்கப்பட்டது. 1989இல், கவிஞரின் நூற்றாண்டில், ஃபொன்தான்கா இல்லம் அருங்காட்சியகமாயிற்று. 1991இல் நகரம் மீண்டும் சென்ட் பீட்டர்ஸ்பர்க் எனப் பெயர் பெற்றது. 2009 இறுதியில் வந்த அதிவேக இரயில் அதே தொலைவை ஏறத்தாழ 4 மணி நேரத்தில் கடந்தது.

சிறிய இலக்கிய வட்டங்களைப் பார்த்து, பத்துப் பேர் கூடிக் கவிதை படிப்பதால் என்ன பயன் என்று கேட்போர் எந்நாளும் உண்டு. அச்சகங்கள் கைவிட்ட ஆண்டுகளில் 'ரெக்வியெம்' உயிர் தரித்தது ஏறத்தாழ பத்து நெஞ்சங்களில். அவர்களுள் ஒருவர்கூட அதை வெளியே காட்டிக்கொடுக்கவில்லை. பத்தாண்டு நிறைவு காணும் இந்த வட்டத்தின் கூட்டங்களிலும் கேட்கும் செவிகள் அவ்வாறே அமையட்டும்.