தலைமையின் செயல்திறன்: மதிப்பிட வேண்டியவர் யார்?

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



ஒரு கமிட்டிச் செயலாளரின் பணி எவ்வாறு உள்ளது என்பதை மேல்கமிட்டி பரிசீலிக்கிறது. அவரும் தமது அறிக்கையில் எழுதுகிறார். ஆனால், அவருடன் அன்றாடம் பணியாற்றும் கிளை உறுப்பினர்களும், அவர் பணியாற்றும் பகுதியின் தொழிலாளர்களும் விவசாயிகளும் கருத்துச் சொல்லாதவரை, அம்மதிப்பீடு பாதி மதிப்பீடாகவே இருக்கும்.

முதலாளித்துவ நிர்வாகவியலும் இதை உணர்ந்துள்ளது. மேலதிகாரி, சக ஊழியர், கீழ்நிலை ஊழியர் ஆகிய அனைவரிடமும் கருத்துக் கேட்பதற்கு அது '360 டிகிரி மதிப்பீடு' என்று பெயரிட்டிருக்கிறது. இணைச் செயலாளர் மற்றும் அதற்கு மேற்பட்ட பதவிகளுக்கு அதிகாரிகளைத் தெரிவு செய்ய ஒன்றிய அரசும் இதைக் கையாண்டது. இம்முறை வெளிப்படையற்றது, அகவயமானது என்று 2017இல் நாடாளுமன்ற நிலைக்குழு சுட்டிக்காட்டியது. தம்மைப் பற்றி என்ன சொல்லப்பட்டது என்பதையே அறியாத ஒருவர், அதற்கு விளக்கம் அளிப்பதோ தம்மைத் திருத்திக்கொள்வதோ இயலாது. அரசு ஊழியரின் ஆண்டு இரகசிய அறிக்கையில் இடம்பெறும் ஒவ்வொரு மதிப்பீடும் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தேவ் தத் வழக்கில் தீர்ப்பளித்ததன் அடிப்படை இதுவே.

தனியார் நிறுவனங்களில் மதிப்பீடு வேலைநீக்கத்தின் கருவியாகவும் மாறியது. ஜாக் வெல்ச் தலைமையிலிருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம், தரவரிசையில் கடைசியாக வரும் 10 விழுக்காட்டினரை ஆண்டுதோறும் வெளியேற்றும் கொள்கையைப் பின்பற்றியது. ஊழியரை ஊழியருக்கு எதிராக நிறுத்தும் இத்தகைய தரவரிசையை மைக்ரோசாஃப்ட் 2013இல் கைவிட்டது.

உழைக்கும் மக்களின் மரபு வேறானது. 1871இல் பாரிஸ் கம்யூனின் பிரதிநிதிகள், தேர்ந்தெடுத்தவர்களால் எந்நேரமும் திரும்ப அழைக்கப்படக் கூடியவர்களாக இருந்தனர். 1994இல் இராஜஸ்தான் கிராமங்களில் நடந்த மக்கள் விசாரணைகளில், வேலைக்கான பதிவேடுகள் மக்கள் முன் உரக்க வாசிக்கப்பட்டன. வழங்கப்படாத கூலி வழங்கப்பட்டதாக எழுதப்பட்டிருந்ததைத் தொழிலாளர்களே அம்பலப்படுத்தினர். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், தனது 17ஆவது பிரிவில் கிராம சபையின் சமூகத் தணிக்கைக்கு வகை செய்தது.

கீழிருந்து வரும் குரல் மேலே சென்று சேராவிட்டால் என்ன நேரும் என்பதற்கு மேற்கு வங்கம் சான்று. 1977 முதல் ஏழு முறை தொடர்ந்து வென்ற இடது முன்னணி, எட்டாவது முறையும் வெல்லும் என்ற நம்பிக்கை 2011 வாக்கு எண்ணிக்கை வரை தலைமையிடம் இருந்தது. 34 ஆண்டு ஆட்சி முடிவுக்கு வந்தது. மக்களின் மனநிலையை அறியத் தவறும் அமைப்பு, தோல்வியை முடிவுகள் வெளியாகும் நாளில்தான் அறிகிறது.

விமர்சனமும் சுயவிமர்சனமும் கட்சியின் அமைப்புக் கோட்பாட்டிலேயே உள்ளன. குறை நடைமுறையில்தான் இருக்கிறது. கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில், அனைவரும் எழுந்து செல்லும் வேளையில் 'விமர்சனம் உண்டா?' என்று கேட்பது சடங்கு. பெண் தோழர்களும், தலித் தோழர்களும், புதிய உறுப்பினர்களும் பேசாத கூட்டத்தில் விமர்சனமே எழவில்லை என்று பதிவு செய்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

நடைமுறையில் சில செய்யத்தக்கவை உண்டு. கேள்விகள் திட்டவட்டமாக இருக்க வேண்டும். 'செயலாளர் நல்லவரா?' என்ற கேள்வியால் பயனில்லை. கடந்த ஆறு மாதங்களில் அவர் எத்தனை கிளைக் கூட்டங்களில் பங்கேற்றார், மாற்றுக் கருத்தை முழுமையாகக் கேட்டாரா, எத்தனை புதிய தோழர்களுக்குப் பொறுப்பளித்து வளர்த்தார், ஒப்புக்கொண்ட பணி நிறைவேறியதா என்று கேட்க வேண்டும். கருத்துகள் தொகுக்கப்பட்டு, உரிய தோழரிடம் கமிட்டிக்குள் நேரடியாகத் தெரிவிக்கப்பட வேண்டும். அவருடைய விளக்கமும் கேட்கப்பட வேண்டும். திருத்தத்திற்குக் காலவரம்பு வைத்து, அடுத்த கூட்டத்தில் மீண்டும் பரிசீலிக்க வேண்டும். விமர்சித்த தோழர் ஓரங்கட்டப்படாமல் பாதுகாப்பது மேல்கமிட்டியின் கடமை. பரிசீலனையும் மேல்கமிட்டியிலிருந்தே தொடங்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, மதிப்பீடு கோஷ்டிவாதத்தின் ஆயுதமாகிவிடக் கூடாது. கமிட்டியில் மௌனம் காத்துவிட்டுத் தேநீர்க் கடையில் பேசுவது ஜனநாயக மத்தியத்துவத்தைச் சிதைக்கும். இரண்டாவது, செல்வாக்கையும் செயல்திறனையும் ஒன்றாகக் கருதக் கூடாது. சாதி வன்கொடுமைக்கு எதிராக உறுதியாக நிற்கும் செயலாளர், தமது ஊரிலேயே சிலருடைய வெறுப்பைச் சம்பாதிக்கக் கூடும். அவருக்கு எதிரான கருத்தை எண்ணிக்கையாக மட்டும் கூட்டினால், சரியான நிலைபாட்டிற்குத் தண்டனை அளித்ததாகிவிடும். எனவே, கருத்துகளைக் கட்சி முடிவு செய்த கடமைகளோடு உரைத்துப் பார்க்க வேண்டும்.

தோழர்களே, தலைமைப் பண்பு பிறவியில் வருவதன்று. போராட்டத்திலும் கூட்டுச் செயல்பாட்டிலும் உருவாவது. குறையை உரிய நேரத்தில் சுட்டிக்காட்டும் உறுப்பினரும், அதைப் பொறுமையுடன் கேட்டுத் திருத்திக்கொள்ளும் தலைவரும் சேர்ந்தே அதை உருவாக்குகின்றனர். அடுத்து நடைபெறும் கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பரிசீலனை முதல் பொருளாக இடம்பெறட்டும்.