அயலாருக்குப் பட்ட கடன்

(பங்கின் பொன்விழா நிறைவுக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா நன்றி கூறும் காலம். இறைவனுக்கு நன்றி கூறிவிட்டோம். ஆலயம் எழுப்பிய குருக்களுக்கும், கன்னியருக்கும், உபதேசியார்களுக்கும், கூலியில் ஒரு பங்கை எடுத்து வைத்துக் கொடுத்த ஏழைக் குடும்பங்களுக்கும் நன்றி கூறிவிட்டோம். இன்னும் ஒரு நன்றி பாக்கி இருக்கிறது. நம்மைச் சுற்றி வாழும் இந்து, முஸ்லிம் சகோதரர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனைப் பற்றித்தான் சொல்கிறேன். பந்தல் போட்டுத் தந்தார்கள், மைக் செட்டுக்கு வாடகை வாங்க மறுத்தார்கள் என்பதோடு முடிந்துவிடும் கடன் அல்ல இது. மிகப் பழைய கடன். நாம் செபிக்கும் மொழியிலேயே அது கலந்திருக்கிறது.

இதை ஏன் இன்று பேச வேண்டும்? நம் இளைஞர்களின் காதில் இரண்டு குரல்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. "உங்கள் மதம் அன்னிய மதம், இந்த மண்ணுக்கு நீங்கள் சொந்தமில்லை" என்பது ஒரு குரல். "குத்துவிளக்கு ஆகாது, பொங்கல் ஆகாது, அயலார் வீட்டு விசேஷத்துக்குப் போவதே பாவம்" என்பது மற்றொரு குரல். முதல் குரல் வெளியிலிருந்து வருகிறது. இரண்டாவது நம்மவர்களிடமிருந்தே வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று எதிர்ப்பதுபோல் தோன்றினாலும், கிறிஸ்தவன் வேறு, தமிழ் மண் வேறு என்ற ஒரே பொய்யைத்தான் இரண்டும் சொல்கின்றன.

நம் ஊரையே பாருங்கள். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசிய முன்னோர் வந்து குடியேறினார்கள். அவர்கள் வழிவந்த பி. எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். ஒவ்வொருவருக்கும் தன் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தந்த அரசியலமைப்பு 1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்தபோது, நம் மாநில அரசின் தலைமையில் இருந்தவர் நம் ஊர்க்காரர். தம் வீட்டையே ஊருக்குக் கொடுத்தார். அதுதான் காந்தி கலைமன்றம். எங்கிருந்தோ வந்தவர்கள் இந்த ஊரைத் தம் ஊராக்கி, அதற்குத் தம் வீட்டையும் கொடுத்தார்கள். மண்ணுக்குச் சொந்தமாவது இப்படித்தான்.

இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். நம் மாநில அரசின் முத்திரையில் இருப்பது அந்த 11 நிலைக் கோபுரம்தான் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். மதுரை மேற்குக் கோபுரம் என்று சொல்வோரும் உண்டு. எதுவானாலும், நம் பள்ளிக்கூடங்களுக்கு வரும் அரசாணைகளிலும் அந்த முத்திரைதான் இருக்கிறது. அதைப் பார்த்து நம்மில் எவரும் முகம் சுளித்ததில்லை. அது தமிழ்நாட்டின் அடையாளம், ஆகவே நமக்கும் உரியது என்று எவரும் சொல்லாமலே நாம் உணர்ந்திருக்கிறோம்.

அந்த ஊரின் மகள் ஆண்டாள். பன்னிரு ஆழ்வார்களில் ஒரே பெண். கண்ணன் வாழ்ந்த ஆயர்பாடியோ வடக்கே எங்கோ இருக்கிறது. ஆண்டாள் என்ன செய்தார்? வில்லிபுத்தூரையே ஆயர்பாடியாகவும், தம் தோழியரையே ஆயர்குலப் பெண்களாகவும் பாவித்தார் என்று வைணவப் பெரியோர்கள் கூறுவார்கள். தொலைவில் இருந்த புனித பூமி அவருடைய பக்தியில் சொந்தத் தெருவுக்கே வந்துவிட்டது.

இதே வழியில் பின்னாளில் இருவர் நடந்தார்கள். இருவரும் நம் கரிசல் சீமையோடு தொடர்புடையவர்கள். கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம். அங்கே 17ஆம் நூற்றாண்டில் உமறுப் புலவர் அவைப்புலவராக இருந்தார். நபிகள் நாயகத்தின் வரலாற்றை 5,000-க்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடினார். கோவில்பட்டிக்குத் தென்மேற்கே காமநாயக்கன்பட்டி. பரலோக மாதா குடிகொண்டிருக்கும் அந்தத் தலத்தில் 1710-களில் பணியாற்றிய இத்தாலியக் குருதான் வீரமாமுனிவர். சூசையப்பரைக் காவிய நாயகராக்கி 3,615 பாடல்களில் தேம்பாவணியை 1726இல் நிறைவு செய்தார்.

சீறாப்புராணத்தைத் திறந்தால் அரபு நாட்டில் மழை பொழிகிறது, வயல் விளைகிறது. தேம்பாவணியைத் திறந்தால் யூதேயா நாடு மருத நிலமாகச் செழித்திருக்கிறது. பாலைவனத்தில் இவ்வளவு நெல் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நாட்டுப் படலம், நகரப் படலம் என்று கம்பர் போன்றோர் நடந்த தடத்திலேயே இவர்களும் நடந்தார்கள். ஆண்டாள் ஆயர்பாடியை வில்லிபுத்தூருக்குக் கொண்டு வந்ததுபோல், உமறு மக்கா நகரையும், முனிவர் எருசலேமையும் தமிழ் நிலத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

அவர்களுக்குத் தமிழ் கற்பித்தவர்கள் யார் என்பதைச் சற்றுக் கவனியுங்கள். உமறுப் புலவரின் ஆசிரியர் கடிகைமுத்துப் புலவர், ஓர் இந்து. வீரமாமுனிவரின் தமிழாசிரியர் சுப்பிரதீபக் கவிராயர் என்பது வழிவழியாக வரும் செய்தி, அவரும் இந்து. அதற்கும் முன்னால், 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி அடிகளாருக்கு வடமொழி கற்பித்தவர் சிவதருமர் என்னும் பிராமணர். இந்த ஆசிரியர்கள், "நீ வேற்று மதத்தான், உனக்குக் கற்றுத் தரமாட்டேன்" என்று கதவைச் சாத்தியிருந்தால்? நமக்குத் தேம்பாவணி இல்லை. ஞானத் தமிழ் இத்தனை செழித்திருக்காது. இதைத்தான் கடன் என்கிறேன்.

அன்பார்ந்தவர்களே, பண்பாடு என்று சொல்லி எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. முன்னோரிடமிருந்து வந்தவற்றில் பொன்னும் உண்டு, துருவும் உண்டு. சாதி அந்தத் துரு. அதை நாம் ஆலயத்துக்குள்ளேயே கொண்டு வந்தோம். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கம் என்று மக்களைப் பிரித்த சுவர் இருந்தது. 1910இல் அதை இடித்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஒரே அப்பத்தில் பங்கு கொள்கிறவர்களுக்கு நடுவே சுவர்! கல்லால் ஆன சுவரை ஒரே நாளில் இடித்துவிடலாம். கல்லறைத் தோட்டத்திலும், பெண் பார்க்கும் பேச்சிலும், தேர்ப்பவனியில் யார் முன்னே போவது என்பதிலும் நிற்கும் சுவரை இடிக்க எத்தனை பொன்விழா வேண்டுமோ!

அதே வடக்கன்குளத்துக்கு 1940-களில் ஓர் இளங்குரு ஆசிரியப் பணிக்கு வந்தார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த தனிநாயகம் அடிகளார். அங்கே சுப்பிரமணிய ஐயர் என்ற பண்டிதரிடம் தமிழைப் பாடம் கேட்டார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, உலகெல்லாம் தமிழைக் கொண்டு சென்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூட முன்னின்று உழைத்தார். தாய்லாந்து அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் 'திரியம்பாவாய், திரிபாவாய்' என்னும் விழாவில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவையும் ஆண்டாளின் திருப்பாவையும் ஒலிப்பதைக் குறித்துத் தமிழுலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் அவரும் ஒருவர். ஒரு கத்தோலிக்கக் குரு, நம் பக்கத்து ஊர் ஆண்டாளின் புகழைப் பாங்காக்கில் கண்டு மகிழ்ந்து நமக்குச் சொன்னார்! அதனால் அவருடைய விசுவாசம் குறைந்து போயிற்றா? இல்லை. பட்ட கடனுக்கு வட்டி கட்டினார் என்றே சொல்வேன்.

"அப்படியானால் சாமி, எல்லாம் ஒன்றுதானே?" என்று சிலர் கேட்பீர்கள். அப்படி நான் சொல்லவில்லை. கிறிஸ்துவை ஆண்டவர் என்று நாம் அறிக்கையிடுகிறோம். அதில் மாற்றம் இல்லை. ஆனால் 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட ஏடு, பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று தெளிவாகக் கற்பிக்கிறது. 1969இல் ரோமாபுரியின் ஒப்புதலோடு இந்தியத் திருவழிபாட்டுக்கு வந்த பன்னிரண்டு அம்சங்களில் எண்ணெய் விளக்கும் ஆரத்தியும் அடங்கும். ஆகவே குத்துவிளக்கைக் கண்டு மிரள வேண்டியதில்லை. மெழுகுதிரி மட்டும் பெத்லகேமிலிருந்தா வந்தது?

கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 1982இல் மண்டைக்காட்டில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்டு உயிர்கள் பறிபோயின. தலைமுறை தலைமுறையாக ஒரே கடற்கரையில் வாழ்ந்தவர்கள் அவர்கள். அப்போது அங்கே சென்று சமாதானத்துக்காக உழைத்தவர்களுள் ஒருவர் தவத்திரு குன்றக்குடி அடிகளார். சைவத் திருமடத்தின் தலைவர். நூற்றுவர் தலைவனின் விசுவாசத்தைக் கண்டு நம் ஆண்டவர் வியந்ததாக நற்செய்தியில் வாசிக்கிறோம். அவன் யூதன் அல்லன். ஆனால் யூதர்களுக்குத் தொழுகைக்கூடம் கட்டிக் கொடுத்தவன். அப்படிப்பட்டவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். இந்தப் பந்தலிலேயே அமர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே, இந்தப் பொன்விழா நினைவாக மூன்று காரியங்களை உங்களிடம் கேட்கிறேன்.

முதலாவது: பிள்ளைகளுக்குத் தமிழ் கற்றுக் கொடுங்கள். தேம்பாவணியை மட்டுமல்ல, திருப்பாவையையும் சீறாப்புராணத்தையும் அவர்கள் மதிப்போடு அறியட்டும்.

இரண்டாவது: அயலார் வீட்டு நல்லது கெட்டதில் முதல் ஆளாய்ப் போய் நில்லுங்கள். ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்து அவர்கள் கொண்டுவந்து தரும் பால்கோவாவும், கிறிஸ்துமசுக்கு நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் பலகாரமும் சின்ன விஷயங்கள் அல்ல. கலவரம் மூட்ட வருகிறவன் முதலில் நிறுத்தப் பார்ப்பது இந்தப் போக்குவரத்தைத்தான். பிற சமயத்தாரை இழிவாகப் பேசும் பேச்சு நம் வீட்டுத் திண்ணையில் எழுந்தால், அங்கேயே அதை அடக்குங்கள்.

மூன்றாவது: நமக்குள் இருக்கும் சாதிச் சுவரை இடியுங்கள். உள்ளே பிரிந்து கிடக்கும் வீடு வெளியே சமாதானம் பேசினால் யார் கேட்பார்கள்?

மார்கழி வைகறையில் ஒரு தெருவில் திருப்பாவை ஒலிக்கிறது; அடுத்த தெருவில் நம் பிள்ளைகளின் கிறிஸ்து பிறப்புப் பாடல் கேட்கிறது; பள்ளிவாசலிலிருந்து தொழுகை அழைப்பு வருகிறது. விடியும் வானம் எல்லாருக்கும் ஒன்றே. அந்த விடியலைத் தரும் தந்தையாம் இறைவன் நம் பங்கையும் நம் ஊரையும் நம் அயலார் குடும்பங்களையும் ஆசீர்வதித்துக் காப்பாராக! ஆமென்.