கிணற்றில் ஆறில் ஒரு பங்கு
(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



அச்சுவேலிச் சந்தியிலே ஒரு வாலிபன் சைக்கிளை நிறுத்தி ஒரு பெரியவரிடம் வழி கேட்பானாயின், வழி சொல்லுமுன் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "தம்பி, நீர் ஆற்றை மகன்?" தகப்பனார் பெயரைச் சொன்னால் அது போதாது. "எந்தக் கந்தையா? பத்தமேனியாரோ, கதிரிப்பாயாரோ?" என்பார். பாட்டனார் பெயரையும் சொன்ன பின்னரே அவர் முகம் மலரும். "அப்ப உம்மடை ஆச்சி இடைக்காட்டுப் பிள்ளையெல்லே!" என்று, நாம் அறியாத ஒன்றை அவரே எமக்குச் சொல்லி அனுப்புவார். இக்கேள்வியை இளைஞராகிய நாம் பல வேளைகளில் வெறுக்கிறோம். அதற்கு நியாயமும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வேன். ஆயினும் அக்கேள்விக்கு முழு விடை சொல்லவல்லார் எம்முள் எத்தனை பேர்?

செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு "எங்கள் வம்சப் பெருமை" என்பது. "பெருமை" என்ற சொல்லை மாத்திரம் எடுத்துவிட அனுமதி கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு இசைந்தார்.

எமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்றில்லை. தகப்பன் பெயர் பிள்ளைக்கு முதலெழுத்தாகிறது. அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் மறைகிறது. ஆகவே மூன்று தலைமுறைக்கு அப்பால் ஒருவரைத் தேடப் புகுந்தால் கையிற் பிடிக்கக் கொடி கிடையாது. அது மாத்திரமன்று, மனிதர் உயர உயரப் பெயரும் உயர்கிறது. ஓர் உறுதியிலே கந்தன் என்றிருப்பவர் அடுத்த உறுதியிலே கந்தர் ஆகிறார். அதற்கடுத்ததிலே கந்தப்பிள்ளை ஆகிறார். மூவரும் ஒருவரே என்று கண்டுகொள்ள எனக்குச் சில நாட்கள் சென்றன.

இந்நிலையிலே கைகொடுப்பது கல்வெட்டு. வெளியூரார் கல்வெட்டு என்றால் கல்லிலே வெட்டிய சாசனம் என்று நினைப்பர். யாழ்ப்பாணத்தவராகிய எமக்கோ அது அந்தியேட்டியன்று படித்து, வந்தோர்க்குக் கொடுக்கும் சிறு புத்தகம். இறந்தவரின் ஊர், பெற்றார், உடன்பிறந்தார், கொண்டான் கொடுத்தான், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் செய்யுளிலே அடுக்கி வைத்திருப்பார் புலவர். புகழ்ச்சிக்கும் குறைவிராது. நான் படித்த கல்வெட்டுகள் அனைத்திலும் ஒரு கஞ்சனையேனும் கண்டேனில்லை. ஆனால் புகழ்ச்சியைத் தள்ளிவிட்டுப் பெயர்களை மாத்திரம் ஒரு தாளிலே எழுதிப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் கிளை முழுவதும் கண்முன் நிற்கும்.

முதற்பக்கத்திலே திதி வெண்பா இருக்கும். வருடம், மாதம், பட்சம், திதி யாவும் அந்நான்கு அடியில் அடங்கும். இங்கே ஒரு சிக்கலும் உண்டு. எம் வருடப் பெயர்கள் அறுபது; அவை சுழன்று சுழன்று வருபவை. "விளம்பி வருடம்" என்றால் அது 1898இல் தொடங்கியதா, 1958இல் தொடங்கியதா? என் அம்மம்மாவின் பாட்டனார் கல்வெட்டிலே இதே ஐயம் எழுந்தது. ஆங்கிலத் தேதி எங்குமில்லை. கடைசியில் அவர் தம் மகளுக்கு எழுதிய சீதன உறுதியே வழக்கைத் தீர்த்தது. அவ்வுறுதி 1898க்குப் பிற்பட்டது. இறந்தவர் எழுந்து வந்து நொத்தாரிசு முன் கையொப்பம் வைக்க முடியாதன்றோ! ஆகவே 1958 என்று கொண்டேன்.

அந்தச் சீதன உறுதியைப் பற்றியே இன்று விரிவாகப் பேச விரும்புகிறேன்.

உறுதி என்றால் வழக்குக்கும் வங்கிக்கும் உதவுவது என்றே நாம் எண்ணுகிறோம். றங்குப்பெட்டியின் அடியிலே சீலையாற் சுற்றி வைத்திருப்போம். அதைக் கதைப்புத்தகம்போலப் படிப்பவர் இல்லை. படித்துப் பாருங்கள். முதலிற் காணியின் பெயர். கலட்டி என்று முடிந்தால் கற்பாங்கான மேட்டு நிலம். தாழ்வு என்று முடிந்தால் பள்ளம். வளவு என்றால் மனை. அடுத்து அளவு. வரகு விதைப்புக் காணியானால் ஒரு பரப்புக்குப் பதினெட்டுக் குழி. நெல் விதைப்பானால் பன்னிரண்டு குழி. வரகுக் கணக்கிற் பதினாறு பரப்பும் நெற்கணக்கில் இருபத்துநான்கு பரப்பும் ஓர் ஏக்கர். வரகு விதைப்பதை இன்று காண்பதரிது. எழுத்திலே வரகு இருக்கிறது. அதன்பின் நான்கெல்லை, எல்லைக்கு அப்பால் இருந்தோர் பெயர். கடைசியிலே, எம் செம்பாட்டு மண்ணுக்கு உயிரான கிணற்றின் பங்கு. ஆறில்லாத எமது நாட்டிலே ஒருவர் தம் மகளுக்குக் காணியைக் கொடுத்துக் கிணற்றுப் பங்கைக் கொடாது விட்டால் அக்காணியால் அவளுக்கு என்ன பயன்?

எமது குடும்பத்திலே வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது: கிணறு வெட்டியவருக்கு ஆண்மக்கள் இருவர், மூத்தவருக்கு ஆண்மக்கள் இருவர், அவர்களுள் இளையவரே அம்மம்மாவின் பாட்டனார். அப்படியாயின் அவர் கையிலிருந்த பங்கு நாலில் ஒன்றாதல் வேண்டும். உறுதியோ ஆறில் ஒரு பங்கு என்கிறது. இரண்டை இரண்டாற் பெருக்கினால் நான்கு. ஆறு எங்கிருந்து வந்தது? கணக்குப் பிழையென்றே முதலில் நினைத்தேன். பின்னர் புத்தூரிலே தூரத்து உறவினர் வீட்டில், கறையான் ஒரு மூலையைத் தின்ற ஓர் உறுதியைக் கண்டேன். அதே காணிப் பெயர், அதே கிணறு, "மூன்றில் ஒரு பங்கு." கிணறு வெட்டியவர் தம் மகளுக்குச் சீதனமாக எழுதியது.

மகள்! அப்படியொருவர் இருந்ததை எம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவருடைய பங்கு பின்னர் அறுதியாக விற்கப்பட்டது. குடும்பம் கணவரின் ஊராகிய புத்தூருக்குப் போயிற்று. இரண்டு தலைமுறைக்குள் பெயரும் போயிற்று. வாய்க்கதையிலே அண்ணன் தம்பியர் நின்றனர். சகோதரி கிணற்றின் பின்னத்திலே மாத்திரம் நின்றார்.

எமது தேசவழமை பெண்ணை இப்படி மறந்ததில்லை. 1707இல் ஒல்லாந்தர் ஆட்சியிலே கிளாஸ் ஐசாக்ஸ் என்ற திசாவை அதனைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் பார்த்து ஒப்பினர். ஆங்கிலேயர் 1806இல் அதனைச் சட்டமாக்கினர். அதிலே சொத்து மூவகை: முதுசம், சீதனம், தேடியதேட்டம். பழைய முறைப்படி தகப்பனின் முதுசம் ஆண்மக்களுக்கு. தாயின் சீதனம் பெண்மக்களுக்கு. ஆகவே மனையும் வளவும் தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று நடந்தன. மாப்பிள்ளை பெண்ணின் சீதன வீட்டுக்கு வந்து குடியிருந்தார். என் தகப்பனார் அச்சுவேலிக்கு வந்தது நீர்வேலியிலிருந்து. அவர் தகப்பனார் நீர்வேலிக்கு வந்தது கோப்பாயிலிருந்து. அம்மம்மாவோ தாம் பிறந்த வளவிலேயே இருந்தார். அவர் தாயாரும் அவ்வாறே. "ஏழு தலைமுறையாக நாங்கள் அச்சுவேலி" என்று மார்தட்டும் ஆண்மக்களே, உங்கள் தகப்பன்மாரிற் பெரும்பாலார் வந்தேறு குடிகள்! ஊரிலே வேர் விட்டிருந்தவர்கள் தாய்மார்.

மிஷன் பள்ளிக்கூடத்திலே படித்தவன் என்பதால் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வேதாகமப் பாடத்திலே மத்தேயு சுவிசேஷத்தின் முதலதிகாரம் எமக்குப் பெருந்தொல்லை. இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று பெயர் மேற் பெயராக வரும். ஆனால் அந்த ஆண்களின் வரிசைக்குள்ளே பெண்கள் ஐவர் இடம்பெறுகின்றனர்: தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி, மரியாள். எமது சமயத்துக்கு வந்தால், பிதிர்தர்ப்பணத்திலே தாய், பாட்டி, பூட்டி என்று மூன்று தலைமுறைத் தாய்மாரையும் சொல்லல் வேண்டும். தகப்பனுக்கு ஆடி அமாவாசையும் தாய்க்குச் சித்திரா பௌர்ணமியும் அனுட்டிக்கிறோம். ஆடி அமாவாசையன்று கீரிமலையிலே குருக்கள் பூட்டியின் பெயரைக் கேட்கும்போது எத்தனை பேர் விழிக்கிறார்கள் என்பதை அங்கே நின்று பார்த்தவர் அறிவர்.

பெயர் என்றதும் அயலூர்ப் பெரியார் ஒருவரைச் சொல்லாமற் செல்ல இயலாது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1832இற் பிறந்தவர்; வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றவர்; 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானவர்; பழந்தமிழ் ஏடுகளைத் தேடி அச்சேற்றியவர். தமிழிலே "சி. வை." என்றால் சிறுப்பிட்டி வைரவநாதபிள்ளை, ஊரும் தகப்பனும். ஆங்கிலத்திலே அவ்விரண்டு எழுத்தும் சார்ள்ஸ் வின்ஸ்லோ, மிஷன் தந்த பெயர். ஆங்கிலப் பதிவேட்டை மாத்திரம் பார்ப்பவன் சிறுப்பிட்டியைத் தேடி வரமாட்டான். உங்கள் வீட்டிலும் அத்தகைய இரட்டைப் பெயர்கள் இருக்கலாம். பால்டேயஸ் பாதிரியார் 1672இல் வெளியிட்ட நூலிலே அச்சுவேலியும் ஒரு கோயிற்பற்று. ஞானஸ்நானப் பெயர் ஏட்டிலும் சைவப் பெயர் வீட்டிலுமாக எம் முன்னோர் பலர் வாழ்ந்த காலம் அது. அக்காலத் தோம்புகள் கொழும்பிலே தேசிய சுவடிக்கூடத்தில் உள்ளன; ஒல்லாந்தமொழி கற்றவர் எம்முள் ஒருவர் உருவாகவேண்டும்.

பாத்திரங்களையும் மறவாதீர்கள். சீதனமாக வந்த செம்பு, அண்டா, கிடாரம் இவற்றின் கழுத்திலே புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருக்கும். புளி போட்டு மினுக்கினாற் தெரியும். பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை படியுங்கள். எம் வீட்டு அம்மியடிப் பெட்டியிலே வாழைமரம் போட்ட பத்து வெள்ளி நோட்டொன்று இருக்கிறது. 1942 முதல் 1945 வரை மலாயாவை யப்பானியர் ஆண்டபோது அச்சிட்டது. அந்த ஆட்சி முடிந்ததும் அது வெறுங்கடதாசி. மலாயாவிலே ரயில்வேக் கந்தோரில் வேலைபார்த்த ஒருவர் அதைக் கொண்டுவந்து தமக்கையிடம் கொடுத்தார். ஆச்சி அதை எறியவில்லை. ஏன் என்று கேட்க இப்போது ஆச்சி இல்லை.

இனி, முன்னர்ச் சொல்வேன் என்று வைத்ததைச் சொல்கிறேன். "ஆற்றை மகன்?" என்ற கேள்வி அன்பினாற் கேட்கப்படுவதும் உண்டு, வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்று தீர்மானிக்கக் கேட்கப்படுவதும் உண்டு. தேசவழமைத் தொகுப்பிலே அடிமைகளைப் பற்றித் தனி விதிகள் இருக்கின்றன. பழைய சீதன ஓலைகளிலே காணியோடும் நகையோடும் மனிதரும் எழுதப்பட்டனர். இலங்கையிலே 1844இலேதான் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. உறவினர் வீட்டில் நான் கண்ட ஓலையொன்றிலே காணிக்குப் பெயரும் எல்லையும் உண்டு. அவ்வாறு கொடுக்கப்பட்டவருக்குப் பெயர் மாத்திரம் உண்டு, ஊருமில்லை, பெற்றாருமில்லை. வீட்டுப் பெரியவர், "தம்பி, இதை மேடையிலை சொல்லாதையும்" என்று அன்போடு புத்தி சொன்னார். அவர் மனம் நோகாதபடி வீட்டையும் ஊரையும் மறைத்துச் சொல்லுகிறேன். என்னோடு ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பன் ஒருவன், "உங்களிட்டை உறுதி கிடக்கு, எங்களிட்டை ஆச்சி சொன்ன கதைதான் கிடக்கு" என்றான். அவன் முன்னோரின் பெயரும் எம் பெட்டிகளிலேதான் இருக்கிறது. எம் வரலாற்றை எழுதப் புகுந்து அந்த வரியை மடித்து மறைப்போமானால், மறைவது எம் பெருமைக்குறை மாத்திரமன்று, அவனுடைய பூட்டனும்தான்.

பெட்டிகளோ குறைந்துகொண்டே வருகின்றன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அழிந்தவற்றை எல்லோரும் பேசுகிறோம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது வீடுதோறும் விடப்பட்டவற்றை யார் கணக்கெடுத்தார்? உறுதியை மடியிற் கட்டிக்கொண்டு நடந்த தாய்மாரும் இச்சபையில் இருக்கிறார்கள். கல்வெட்டையும் படத்தையும் எடுக்கக் கை இரண்டு போதவில்லை. 2015 மார்ச்சிலே எமக்கு அயலாகிய வளலாயிற் காணிகள் மீளக் கையளிக்கப்பட்டபோது, கால் நூற்றாண்டாக மனிதர் இல்லாத நிலத்தில் எது யாருடைய வேலி என்று காட்ட முதியோரின் நினைவு வேண்டியிருந்தது. எல்லைக்கு அப்பால் இருந்தவர் பெயரை உறுதி சொல்லும். அந்த மனிதரைக் கண்டவர் உயிரோடிருந்தால் அல்லவா இடம் தெரியும்?

ஆகையால் சங்கத்து இளைஞரை நான் கேட்பது சிறு வேலையே. கல்வெட்டுகளைக் கைத்தொலைபேசியிலே பக்கம் பக்கமாகப் படமெடுங்கள். 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் இத்தகைய நினைவு மலர்கள் பலவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறது; உங்களுடையதையும் அனுப்பலாம். உறுதிகளை யாருக்கும் அனுப்பவேண்டாம்; வீட்டிலிருந்து வாசித்துப் பெயர்களையும் பங்குகளையும் எழுதிக்கொள்ளுங்கள். பங்குக்கணக்குப் பொருந்தாவிட்டால் விட்டுவிடாதீர்கள்.

எனக்கு இன்னும் ஒன்று தெரியவேண்டும். மூன்றில் ஒரு பங்குக்காரியாகிய அந்தப் பாட்டியின் பெயர் புத்தூர் உறுதியில் இருக்கிறது. அவருக்குக் கல்வெட்டு இல்லை. பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அறிந்தவர் இதுவரை கிடைக்கவில்லை. பெயரை இங்கே உரத்துச் சொல்லுதல் முறையன்று. புத்தூர், ஆவரங்கால் பக்கத்துப் பெரியோர் கூட்டம் முடிந்ததும் என்னைச் சற்றே கூப்பிட்டுப் பேசினால் நன்றியுடையேன். வாசலருகே மேசையில் ஒரு கொப்பியும் வைத்திருக்கிறேன். போகும்போது உங்கள் தாயின் தாய், அவருடைய தாய், இருவர் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போங்கள். கண் தெரியாதவர்கள் சொன்னால் எழுத இரண்டு பிள்ளைகள் அங்கே நிற்கிறார்கள்.