பெட்டிக்கு முன்னால் போக வேண்டிய காகிதம்

(நம் அறக்கட்டளை பொன்னமராவதியில் நடத்திய சிறு வணிகர் கூட்டத்தில், துறைமுக ஆவணப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



ஏற்றுமதி செய்து பணக்காரர் ஆவது எப்படி என்று பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். கைப்பேசியைத் திறந்தால் போதும், வந்து நிற்பார்கள். நான் அதைப் பேச வரவில்லை. தூத்துக்குடியில் ஓர் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து, மற்றவர்கள் அனுப்பிய சரக்குக்குக் காகிதம் தயாரித்தவன் நான். கப்பலில் ஏறும் பெட்டிக்கு முன்னால் போய்ச் சேர வேண்டிய காகிதத்தைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். நம் பகுதியைச் சேர்ந்த ஒருவர் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில், சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார். முறுக்கு, அப்பளம், மசாலாப் பொடி, எவர்சில்வர் இட்லிப் பானை எல்லாம் சேர்த்து ஓர் இருபதடி கன்டெய்னர் போட்டார். தீபாவளி வியாபாரத்தை நம்பி, வீட்டு நகையை அடகு வைத்துப் போட்ட முதல். இங்கே சரக்குச் சேர்த்துக் கொடுத்தது அவருடைய மச்சான். பொருட்கள் நாலு இடத்தில், நாலு பேரால் செய்யப்பட்டவை. அந்த நாலு பேரின் பெயரையும் முகவரியையும் கேட்டு வாங்கியிருக்க வேண்டியவன் நான். வியாழக்கிழமை மாலை, ஊருக்கு பஸ் பிடிக்கிற அவசரம். பழைய ஃபைலைத் திறந்து, தயாரிப்பாளர் என்ற இடத்தில் மச்சானின் கம்பெனிப் பெயரையே போட்டு அனுப்பிவிட்டேன்.

பெட்டி அங்கே இறங்கியதும் நிறுத்திவிட்டார்கள். திறந்து பார்த்தால் அட்டைப் பெட்டிகளில் அச்சிட்டிருந்த பெயர்கள் வேறு, காகிதத்தில் இருந்த பெயர் வேறு. சோதனைக் கிடங்குக்கு இழுத்துப் போன வாடகை, இறக்கி ஏற்றிய கூலி, கிடந்த நாட்களுக்கு டெமரேஜ், எல்லாம் கடைக்காரர் தலையில். அங்கே அதிகாரி சோதித்தாலும் செலவு இறக்குமதி செய்தவருடையதுதான். பெட்டி அவர் கைக்கு வந்தபோது தீபாவளி முடிந்து பத்து நாள். எனக்கு போன் செய்தார். “பாய், என் மச்சானுக்கு ஒரு போன் போட்டு அந்த நாலு பேர் முகவரியைக் கேட்டிருக்கலாமே?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அந்தக் காகிதத்துக்கு இம்போர்ட்டர் செக்யூரிட்டி ஃபைலிங் என்று பெயர். எங்கள் தொழிலில் ஐ.எஸ்.எஃப். என்போம், ‘டென் பிளஸ் டூ’ என்றும் சொல்வதுண்டு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, பூட்டிய பெட்டிகள் லட்சக்கணக்கில் தங்கள் துறைமுகத்துக்கு வருகின்றனவே, உள்ளே என்ன இருக்கிறது என்ற கவலை அமெரிக்கர்களுக்கு வந்தது. 2002 கடைசியில், பெட்டியை ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே சரக்குப் பட்டியலைத் தர வேண்டும் என்று கப்பல் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டார்கள். ஆனால் கப்பல் கம்பெனிக்கு எவ்வளவு தெரியும்? பெட்டி எண் தெரியும், எடை தெரியும். செய்தவர் யார், அது எந்தக் கடைக்குப் போகிறது என்பதெல்லாம் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும்தான் தெரியும். ஆகவே 2009 ஜனவரி 26 முதல், இறக்குமதி செய்பவரே தனியாக விவரம் தர வேண்டும் என்று வைத்தார்கள். பழகிக்கொள்ள ஒரு வருட அவகாசம் கொடுத்து, 2010 ஜனவரி 26 முதல் கண்டிப்பு. நம் குடியரசு நாள் என்பதால் எனக்குத் தேதி மறப்பதில்லை.

பத்து விவரங்கள் இறக்குமதியாளர் பொறுப்பு. விற்றவர், வாங்கியவர், இறக்குமதியாளரின் எண், சரக்கைப் பெறுபவரின் எண், தயாரித்தவர், சரக்கு கடைசியில் போய்ச் சேரும் இடம், பொருள் உருவான நாடு, பொருளின் ஆறு இலக்கக் குறியீடு ஆகிய எட்டும் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். பெட்டியில் சரக்கு அடைத்த இடம், அடைத்துக் கொடுத்தவர் என்ற இரண்டுக்கும் கப்பல் அங்கே சேர்வதற்கு 24 மணி நேரம் முன்புவரை அவகாசம் உண்டு. கப்பலில் எந்தப் பெட்டி எங்கே அடுக்கப்பட்டிருக்கிறது என்ற வரைபடமும், பெட்டியின் நடமாட்டச் செய்திகளும் கப்பல் கம்பெனி தர வேண்டிய இரண்டு. பிழையாகவோ தாமதமாகவோ போனால் ஒரு தாக்கலுக்கு 5,000 டாலர் வரை தண்டம். நம் பணத்தில் நாலு லட்சத்துக்கு மேல்.

அமெரிக்காவில் இருப்பவரின் கடமை இது, நமக்கென்ன என்று கேட்கலாம். அந்தப் பத்தில் அவருக்குத் தானாகத் தெரிந்தது வாங்கியவர், இரண்டு எண்கள், சேரும் இடம். மீதி எல்லாம் இங்கிருந்து போக வேண்டியவை. உங்கள் கிடங்கிலேயே பெட்டியை நிறுத்தி அடைத்து சீல் வைத்தால், அடைத்த இடம் தூத்துக்குடி அல்ல, பொன்னமராவதி. அங்கே ஓர் அதிகாரியின் திரையில் நம் ஊர்ப் பெயர் போய் நிற்கும். சட்டப்படி தண்டம் அவருக்குத்தான். ஆனால் அடுத்த ஆர்டர் வராமல் போகிறதே, அந்தத் தண்டம் நமக்கு.

ஆகவே முன்பணம் வந்த அன்றைக்கே இந்த விவரங்களை எழுதி அனுப்பிவிடுங்கள். கப்பல் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தூத்துக்குடியிலிருந்து பல பெட்டிகள் ஃபீடர் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே அமெரிக்கா போகும் தாய்க்கப்பலுக்கு மாறுகின்றன. கெடு அந்தத் தாய்க்கப்பலில் ஏற்றுவதை வைத்துத்தான் என்பதால், இன்னும் நாள் இருக்கிறது என்று பலர் இருந்துவிடுவார்கள். கொழும்பு ஒரு நாள்கூட ஆகாத தூரம். பெட்டி கடலில் இருக்கும்போது, அப்பளம் போட்ட அம்மாவின் கதவு எண்ணைத் தேடி அலைய முடியாது. தயாரிப்பாளர், குறியீடு போன்ற சில விவரங்களில் அன்று தெரிந்ததை நேரத்துக்குக் கொடுத்துவிட்டு, சரியானது தெரிந்தவுடன், கப்பல் சேர்வதற்கு 24 மணி நேரம் முன்புவரை திருத்தவும் விதி இடம் தருகிறது. தெரிந்தும் திருத்தாமல் விடுவதுதான் ஆபத்து.

குறியீட்டைப் பற்றி ஒன்று. ‘பலசரக்கு’, ‘பாத்திரம்’ என்று மொத்தமாக எழுதுகிற காலம் போய்விட்டது. அப்பளத்துக்கு 1905.90, எவர்சில்வர் சமையல் பாத்திரத்துக்கு 7323.93 என்று தனித்தனியாக வேண்டும். ஐரோப்பாவுக்கும் இப்போது இதே கதைதான். 2024 ஜூன் 3 முதல் கடல்வழிச் சரக்குக்கும் ஆறு இலக்கக் குறியீட்டோடு முன்கூட்டிய விவரம் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். உணவுப் பொருள் என்றால் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு வேறொரு முன்னறிவிப்பு உண்டு. ஐ.எஸ்.எஃப். போட்டுவிட்டோமே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

நம் பெயரைப் பார்த்துத்தான் பெட்டியை நிறுத்துகிறார்கள் என்று சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படி எங்கேயும் நடக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அப்படிச் சொன்னவர்களின் காகிதங்களை வாங்கிப் பார்த்திருக்கிறேன். இன்வாய்ஸில் 412 அட்டைப் பெட்டி, பேக்கிங் லிஸ்டில் 421. விற்றவர் பெயர் ஓரிடத்தில் ‘அன் சன்ஸ்’, இன்னோரிடத்தில் ‘டிரேடர்ஸ்’. சந்தேகப்பட வேண்டும் என்று நினைக்கிறவனுக்கு நாமே ஏன் காரணம் எடுத்துக் கொடுக்க வேண்டும்?

இதெல்லாம் வெறும் அதிகாரத் தொல்லை என்று நினைப்பவர்கள் 2025 மே மாதத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் கொச்சிக்கு அப்பால் கடலில் மூழ்கியது. அதில் 640 கன்டெய்னர்கள். அன்று எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான். 13 பெட்டிகளில் ஆபத்தான சரக்கு, 12இல் கால்சியம் கார்பைடு என்று பட்டியலைப் பார்த்துத்தான் சொன்னார்கள். கார்பைடில் தண்ணீர் பட்டால் எரியும் வாயு கிளம்பும். கரையில் ஒதுங்கும் பெட்டியைத் தொடாதீர்கள் என்று மீனவர்களை எச்சரிக்க அந்தப் பட்டியல்தான் கையில் இருந்தது. பட்டியல் பொய்யாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இனி, இங்கே இறக்குமதி செய்பவர்களுக்கு. நோன்புக்குப் பேரீச்சம்பழம் வரவழைக்கிறோம். முன்பெல்லாம் கப்பல் வந்த பிறகு ஏஜென்டைத் தேடுவோம். 2021இல் சுங்கச் சட்டத்தின் 46ஆம் பிரிவைத் திருத்தினார்கள். கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் ஆகிவிட வேண்டும். அந்த முந்தைய நாள் ஞாயிறாக இருந்தாலும் பெருநாளாக இருந்தாலும் சலுகை இல்லை. இலங்கை போன்ற சில பக்கத்து நாடுகளிலிருந்து கடல் வழியாக வருவதற்கும், விமானத்தில் வருவதற்கும், வந்த நாள் முடியும்வரை நேரம் உண்டு. தவறினால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், பிறகு நாளொன்றுக்கு 10,000. கப்பல் வருவதற்கு 30 நாள் முன்பே தாக்கல் செய்யலாம் என்று இருக்கும்போது, கடைசி நாள்வரை ஏன் காத்திருக்கிறோம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

கடைசியாக, இளைஞர்களுக்கு. இதற்காகத்தான் முக்கியமாக இங்கே வந்தேன். ஐ.இ.சி. எனப்படும் இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணை, பான் எண்ணை வைத்து 500 ரூபாய் கட்டணத்தில் இணையத்திலேயே வாங்கிவிடலாம். அது நல்ல விஷயம். ஆனால் சபர் போகப் பணம் புரட்டிக்கொண்டிருக்கிற பையனிடம் யாரோ வருகிறார்கள். “உன் பான், ஆதார் மட்டும் கொடு. உன் பெயரில் ஐ.இ.சி. எடுத்துக்கொள்கிறோம். பெட்டிக்கு இவ்வளவு தருகிறோம். நீ ஒன்றும் செய்ய வேண்டாம்” என்கிறார்கள். பொம்மை என்று எழுதிய பெட்டியில் பட்டாசும் சிகரெட்டும் வருவது இப்படிப்பட்ட பெயர்களில்தான். பிடிபட்டால் சட்டத்தின் முன் இறக்குமதியாளர் அந்தப் பையன். தெரிந்தே பொய் விவரத்துக்குக் கையெழுத்து, பெயர் கொடுத்தவருக்குச் சரக்கு மதிப்பில் ஐந்து மடங்குவரை அபராதம் போட 114ஏஏ பிரிவு இடம் தருகிறது. எனக்குத் தெரியாது என்று சொல்லி மீள்வதற்குள் பாஸ்போர்ட், வேலை, வயது எல்லாம் கரைந்துவிடும்.

இதில் ஏஜென்ட்களுக்கும் கடமை உண்டு. கட்சிக்காரர் உண்மையில் அந்த முகவரியில் தொழில் செய்கிறாரா என்று சுங்கத் தரகர் சரிபார்க்க வேண்டும் என்று 2018ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. ஒரு முறைகூட உங்கள் கடை வாசலுக்கு வராத, போனில்கூட உங்கள் குரலைக் கேட்காத ஏஜென்டிடம் வேலை கொடுக்காதீர்கள். அவர் கூலி குறைவாகக் கேட்டாலும் சரி.

ஒவ்வொரு ஞாயிறும் அஸருக்குப் பிறகு மஹ்ரிப் வரை நம் அறக்கட்டளை அலுவலகத்தில் இருப்பேன். எந்த சமுதாயத்தவரும் வரலாம், கட்டணம் கிடையாது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், தயாரித்தவர்களின் பெயர் முகவரி, வாங்குகிறவர் அனுப்பிய ஆர்டர் இவற்றின் நகல்களைக் கொண்டு வாருங்கள். அசல் வீட்டிலேயே இருக்கட்டும். ஏற்கெனவே யாரிடமாவது பான், ஆதார் கொடுத்துவிட்ட பிள்ளைகள் இருந்தால் வெட்கப்படாமல் முதலில் வாருங்கள். அந்தப் பெயரில் ஐ.இ.சி. எடுக்கப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிடலாம். கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரும். அதை நீங்களே அடியுங்கள், என்னிடம்கூடச் சொல்ல வேண்டாம்.