ஆறவிட்டுக் கட்டுங்கள்

லாஸ்பேட்டை உழவர் சந்தைப் பக்கம் கடை போட்டு, வீட்டில் சுட்ட கேழ்வரகு பிஸ்கட் விற்கலாம் என்று நினைக்கிறீர்களா? கேழ்வரகு மாவில் பசைத்தன்மை இல்லை. தனியாகச் சுட்டால் உதிர்ந்துவிடும். பாதிக்குப் பாதி கோதுமை மாவு சேருங்கள்.

சுட்டு எடுத்ததும் அவசரப்பட்டுப் பொட்டலம் கட்டாதீங்க. உள்ளே ஆவி வேர்த்து பிஸ்கட் நமுத்துப் போகும். கேக் என்றால் பூசணமே பிடிக்கும். நம்ம ஊர் கிறிஸ்துமஸ் விவிகமும் இதற்குத் தப்பாது. அதை வாங்கினவர் மறுவாரம் உங்கள் கடைப் பக்கம் திரும்புவாரா? நன்றாக ஆறவிட்டே கட்டுங்கள்.

விலை போடும்போது மாவு, சர்க்கரை, கேஸ் செலவோடு உங்கள் கூலியையும் சேருங்கள். 'வீட்டு வேலைதானே' என்று விட்டால் விற்க விற்க நஷ்டம்தான். 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறு கடைக்கும் பதிவு வேண்டும். பயிற்சி பற்றி குரும்பாபேட் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரியுங்கள்.