வல்வெட்டித்துறையின் பட்டமும் விண்ணும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், பருத்தித்துறைக்கும் தொண்டைமானாற்றுக்கும் இடையே அமைந்த வல்வெட்டித்துறையில், ஆண்டுதோறும் தைப்பொங்கல் நாளின் பிற்பகலில் உதயசூரியன் கடற்கரையிலே நடைபெறும் பட்டப் போட்டி இன்று குடாநாட்டின் பல பாகங்களிலிருந்தும் மக்களைத் திரட்டுகின்ற பெருவிழாவாக வளர்ந்துள்ளது. கடல் வணிகத்தாலும் பின்னர் உள்நாட்டுப் போராலும் பல தேசங்களுக்குப் பிரிந்து சென்ற வல்வை, அதாவது வல்வெட்டித்துறைக் குடும்பங்கள் தமது பூர்வீகச் சொத்தாகப் போற்றுகின்றவற்றுள், பெயர்த்தெடுத்து வேறு மண்ணில் நட முடியாத ஒன்றாக இந்தப் பட்டக்கலை இருப்பதே இவ்வுரைக்குப் பொருளாகிறது.

பட்டத்தின் எலும்புக்கூடு மூங்கிலைப் பிளந்து சீவிய மெல்லிய சிலாகைகளால் அமைவது. சிலாகையின் இரு பாதிகளும் எடையில் ஒத்திருக்கின்றனவா என்பதை விரல் நுனியில் நிறுத்திப் பார்த்துச் சீவிச் சரிசெய்த பின்னரே நூலால் வரிந்து கட்டி, மெல்லிய வண்ணத் தாளைப் பசையிட்டு ஒட்டுவார்கள். கொக்கு, பிராந்து, வௌவால், எட்டுமூலை, பெட்டி, படலம் என உருவத்துக்கேற்பப் பெயர்கள் பல வழங்குகின்றன. எனினும் செய்பவரின் தேர்ச்சி முச்சையிலேயே வெளிப்படுகிறது. முச்சை என்பது சட்டத்தின் வெவ்வேறு இடங்களிலிருந்து புறப்பட்டு ஒரே முடிச்சில் கூடும் நூல்களின் தொகுதியாகும்; ஏற்றும் நூல் அந்த முடிச்சிலேதான் பிணைக்கப்படும். முடிச்சு மேலேறினால் பட்டம் காற்றுக்குக் குறைவாக முகங்கொடுத்துப் படிந்து நிற்கும். கீழிறங்கினால் காற்றை மிகுதியாக ஏந்தி நூலை இழுக்கும். ஒரு பக்கம் சாய்ந்தாலோ அந்தப் பக்கமாகவே சுழன்று தரையில் குத்தும். அன்றைய காற்றின் வலுவை அறிந்து முச்சையை அரை விரற்கடை மாற்றிக் கட்டுகின்ற அறிவு எந்த ஏட்டிலும் எழுதி வைக்கப்பட்டதன்று. தமையன் கட்டுவதைத் தம்பி அருகிருந்து பார்ப்பதாலேயே அது வீட்டுக்குள் நிலைபெறுகிறது.

கண்ணுக்குரியதாகவே பெரிதும் பேசப்படும் இக்கலையில் செவிக்குரிய பகுதி ஒன்றும் உண்டு. வானொலியில் அதனை விரித்துரைப்பது பொருத்தமாகும். விண் எனப்படுவது வில்போல வளைத்த சிலாகை ஒன்றின் இரு முனைகளுக்கும் இடையே நாரையோ நாடாவையோ இறுக்கிக் கட்டிப் பட்டத்தின் தலைப்பகுதியில் பூட்டப்படும் ஒலிக்கருவி. காற்று அந்த நாடாவின் இரு பக்கமும் உரசிக் கடக்கையில் நாடா விரைந்து அதிர்ந்து ஒலி எழுப்ப, அதனை விண் கூவுகிறது என்பார்கள். அகன்ற நாடா தளர்ந்து நின்றால் தடித்த குரலும், ஒடுங்கிய நாடா இறுகி நின்றால் கீச்சுக் குரலும் பிறக்கும். வாடை தளராது வீசும் மார்கழி, தை இரவுகளில் பட்டத்தை இறக்காமல் மரத்திலே கட்டி விட்டு உறங்கச் செல்வதும், படுத்தபடியே அதன் குரலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு காற்று வலுக்கிறதா தணிகிறதா என்று கணிப்பதும் குடாநாட்டில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கங்கள். இத்துணை எளிய பொருள்களால் இத்துணை நுட்பமான இசை பிறப்பது உண்மையிலேயே வியப்புக்குரியது.

இதே கரையில் ஒரு காலத்தில் மரக்கலங்களும் கட்டப்பட்டன. வல்வைத் தண்டையல்கள், அதாவது பாய்க்கப்பல்களின் தலைமை மாலுமிகள், நாகபட்டினம், இரங்கூன், அக்கியாப் முதலிய துறைகளுக்கு ஓடி அரிசியும் பிற சரக்கும் ஏற்றி வந்தனர். இங்கு 1930 ஆம் ஆண்டு கட்டப்பட்டு, 89 அடி நீளம் கொண்டிருந்த அன்னபூரணி என்னும் இருபாய்மரக் கப்பலை, சிறு படகில் உலகைச் சுற்றி வந்து பெயர் பெற்ற அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் விலைக்கு வாங்கினார். புளோரன்ஸ் சி. ராபின்சன் என்று புதுப்பெயர் பெற்ற அக்கப்பல், வல்வை மாலுமிகள் ஐவருடன், சூயெஸ் கால்வாய் வழியாகப் பயணஞ்செய்து, 1938 ஆகஸ்ட் மாதத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இயந்திரக் கப்பல்கள் பெருகியதாலும், புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகள் தத்தம் கடல் எல்லைகளை இறுக்கியதாலும் பாய்க்கப்பல் வணிகம் தேய, ஏற்றிச் செல்லச் சரக்கு இல்லாத ஊரில் கப்பல் கட்டும் தொழிலும் ஒடுங்கியது. பட்டம் பாயிலிருந்து பிறந்தது என்று கூறுவது மிகையாகும். ஆயினும் வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றைத் திசைவாரியாகப் பெயரிட்டு அறிந்த அதே வீடுகளில் இரண்டும் வழங்கின என்பதையும், அவற்றுள் வணிகத்தை நம்பியிராத ஒன்று மட்டுமே பிழைத்தது என்பதையும் கருத்திற் கொள்ள வேண்டும்.

பிற்காலத்தில் இலங்கையின் உள்நாட்டுப் போரின்போது வல்வையர் பெருந்தொகையினராகத் தமிழகத்துக்கும் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் சென்றனர். சென்ற இடங்களில் நலன்புரிச் சங்கங்களை நிறுவியதோடு, ஊர்க் கல்லூரியின் பெயரால் சிதம்பரா கணிதப் போட்டியைப் பிரித்தானியாவில் நடத்தும் அளவுக்கு ஊர்ப்பற்றைப் பேணினர். பிற குடியேறிகளின் வரலாறும் இதனையே ஒத்திருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் நாட்டுப்புறங்களில் குடியேறிய செக் மக்கள் 1897 இல் தமக்கென உதவிச் சங்கம் ஒன்றை அமைத்தனர். டுபினா, ஹை ஹில் போன்ற சிற்றூர்களில் செக், ஜெர்மானியக் குடும்பங்கள் எழுப்பிய தேவாலயங்களின் உட்புற மரப்பலகைகள் சலவைக்கல்லைப் போலத் தோன்றுமாறு தீட்டப்பட்டன. தலைமுறைகள் கடந்து மொழி நாவிலிருந்து நழுவிய பின்னும், பழக்கூழ் இட்டுச் சுடும் கொலாச்சி என்னும் இனிப்பு ரொட்டி இன்றும் அங்கே விற்பனையாகிறது. மாவும் அடுப்பும் எங்கும் உண்டாதலால் ரொட்டி கடல் கடந்தது. வாடைக்காற்றை அவ்வாறு கொண்டுசெல்ல இயலாது.

ஆகவே புலம்பெயர்ந்தோர் பட்டத்தைத் தேடி ஊருக்கே வர வேண்டியிருக்கிறது. அவர்களின் ஆதரவும் காணொளிகள் வழியாகக் கிடைத்த புகழும் போட்டியின் தோற்றத்தை மாற்றியுள்ளன. கப்பலாகவும் விமானமாகவும் விலங்காகவும் முப்பரிமாணத்தில் எழும்பும் பட்டங்கள் இப்போது கூட்டத்தின் கண்ணைக் கவர்கின்றன. அவ்வளவு பாரத்தைக் காற்றிலே சமநிலைப்படுத்துவது அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அருகே தனித்து நின்று கூவும் ஓர் எட்டுமூலைப் பட்டத்தின் விண்ணை அந்த ஆரவாரத்தில் எவரும் செவிகொடுத்துக் கேட்பதில்லை என்பது வருந்தத்தக்கது. உருவத்துக்கு மதிப்பெண் இடுவதுபோல விண்ணின் குரலுக்கும் முச்சையின் செம்மைக்கும் தனியே மதிப்பெண் இடுவது, இக்கலையின் நுண்பகுதியைக் காக்கும் செயலாக அமையும்.

காற்றின் பருவமும் பள்ளியின் பருவமும் ஒத்துவராமை மற்றொரு சிக்கல். இலண்டனில் பயிலும் பிள்ளைகள் நீண்ட விடுமுறையில் ஊருக்கு வரும் ஆடி, ஆவணி மாதங்களில் தரையிலிருந்து கடலை நோக்கிச் சோளகம் வீசுகிறது. அப்போது நூல் அறுந்தால் பட்டம் கடலோடு போய்விடும். கடலிலிருந்து கரைக்கு வீசும் வாடையோ மார்கழியிலும் தையிலும்தான் நிலைத்து நிற்கும். நத்தார் விடுமுறைக்கு வருவோரும் பொங்கலுக்கு முன்னரே வகுப்புக்குத் திரும்ப வேண்டியவர்களாகின்றனர். அந்த இரண்டு வாரத்தில் ஒரு பிள்ளை நூலைப் பிடித்து நிற்கப் பழகிவிடலாம். முச்சை கட்டவும் விண்ணின் நாடாவை எவ்வளவு இறுக்குவது என்று அறியவும் பருவங்கள் சில வேண்டும். அவற்றைக் கற்பிக்க வல்லவர்கள் அந்தக் கரையில் இன்றும் உள்ளனர். ஒரு மார்கழி முழுவதும் அவர்கள் அருகே அமர்ந்திருக்கப் பேரப்பிள்ளைகளுக்கு நாட்கள் கிடைக்க வேண்டும்.