இல்லத்துத் தொல்லையிலும் நன்றியுள்ளம்



வேலூரிலும் ஆம்பூரிலும் தோல் பதனிட்டுப் பிள்ளைகளை வளர்த்த குடும்பங்கள் நாம். வாரக் கூலி வட்டிக்கே போய்விடும் வீட்டிலும், குடிநீருக்குக் குடத்தோடு காத்திருக்கும் நிலையிலும் ஆண்டவருக்கு நன்றி சொல்வது எவ்வாறு என இளைஞர்கள் கேட்கின்றனர். நேர்மையான கேள்வி அது.

அப்போஸ்தலர் நடபடிகளைப் பாருங்கள். யோப்பா பட்டணத்தில் பேதுரு பல நாள் தங்கியிருந்தது தோல் பதனிடும் சீமோன் வீட்டில். அத்தொழிலைத் தீட்டெனக் கருதிய காலம் அது. ஆயினும், நூற்றுக்கதிபதி கொர்நேலியுவுக்குத் தேவதூதன் அடையாளம் கூறியது அந்த வீட்டையே. அவ்வீட்டின் மேல்வீட்டில் கண்ட தரிசனமே, எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் எனலாகாது என்று பேதுருவுக்கு உணர்த்தியது. தோல் வாடை கண்டு ஆண்டவர் நம் வாசலைவிட்டு விலகுவதில்லை. நம் நன்றிக்கு அதுவே வேர்.

நன்றி என்பது அநீதிக்குத் தலையாட்டுவது அன்று. பிலிப்பி பட்டணச் சிறையில் பவுலும் சீலாவும் நள்ளிரவில் துதி பாடினர். விடிந்ததும், இரகசியமாய் வெளியேற மறுத்து, தங்களை அடித்துச் சிறையிலிட்ட அதிகாரிகளே நேரில் வரவேண்டுமெனப் பவுல் வற்புறுத்தினார். தோல் கழிவு கலந்து பாலாறு கெட்டதற்கு வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டு, 1996-இல் தீர்ப்புப் பெற்றதன்றோ!

ஆகவே, இரவு உணவுக்குமுன் அன்று பெற்ற நன்மை ஒன்றையேனும் குடும்பமாய்ச் சொல்லி ஜெபியுங்கள். பெற்ற கல்விக்கு நன்றியாக, பயிலும் பிள்ளை ஒருவருக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். நன்றியை ஆண்டவருக்குச் செலுத்துங்கள். உரிமையை எவரிடமும் அடகு வைக்காதீர்கள்.